தவக்காலம்: ஒருசந்தி, கோபம், உண்டியல் – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தையொட்டி வந்த கேள்விகளில் பலரும் கேட்டிருந்தவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். கத்தோலிக்கத் திருச்சபையின் ஒழுங்கை வைத்தே எழுதியிருக்கிறோம்.

கேள்வி: தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தைய நாளான புனித சனி வரை எண்ணினால் 46 நாள் வருகிறது. 40 நாள் என்கிறோமே? ஞாயிறன்று நோன்பைத் தளர்த்தலாமா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: இடையில் வரும் 6 ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள் என்பதால் அன்று ஒருசந்தி (ஒரே ஒரு முழுச் சாப்பாட்டோடு இருக்கும் நோன்பு) கிடையாது. நீங்களாக ஏற்றுக்கொண்ட ஒறுத்தலை (விருப்பமான ஒன்றை விட்டிருப்பதை) ஞாயிறன்று தளர்த்துவதும் தொடர்வதும் உங்கள் விருப்பம். ஆனால் குடியையும் புகையையும் விட்டிருப்பவர்கள் ‘இன்று ஒருநாள்தானே’ என்று தொடவே வேண்டாம். ஆறு நாள் பட்ட பாடு ஒரே சாயங்காலத்தில் போய்விடும். பொறுமைக்கும் தாழ்ச்சிக்கும் ஞாயிறு விடுமுறை இல்லை.

கேள்வி: ஒருசந்தி, சுத்தபோசனம் இரண்டும் ஒன்றா? முட்டை சாப்பிடலாமா? கறித்துண்டை எடுத்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்ளலாமா? – வாசகி, திருச்சி

பதில்: இரண்டும் வேறு. சுத்தபோசனம் என்றால் இறைச்சியை விலக்குவது. 14 வயது நிறைந்த எல்லோருக்கும் உரியது, மேல் வயது வரம்பு இல்லை. ஒருசந்தி என்றால் ஒரே ஒரு முழுச் சாப்பாடு. 18 வயது நிறைந்ததிலிருந்து 59 நிறையும்வரை கடமை. திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் இரண்டுமே சேர்ந்த நாட்கள். தவக்காலத்தின் மற்ற வெள்ளிகளில் சுத்தபோசனம் மட்டும். இந்த மற்ற வெள்ளிகளில் மார்ச் 19 புனித யோசேப்பு பெருவிழாவோ மார்ச் 25 மங்கள வார்த்தைப் பெருவிழாவோ வந்தால் அன்று அந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஒருசந்தியன்று மதியம் வயிறாரச் சாப்பிடலாம். காலையிலும் இரவிலும் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்தாலும் ஒரு முழுச் சாப்பாடு ஆகிவிடக் கூடாது என்பது வழக்கமான அளவு. காலையில் இரண்டு இட்லி, இரவில் ஒரு டம்ளர் கஞ்சி என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையில்லை. பெரும்பாலும் ஒருசந்தி கெடுவது நாலு மணி டீயோடு வரும் வடையில்தான். அதைச் சாப்பாடாக யாரும் கணக்கில் வைப்பதில்லை.

1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தந்த ஒழுங்குப்படி முட்டை, பால், தயிர், நெய்க்குத் தடையில்லை. மீனுக்கும் தடை இல்லை. குழம்பு விஷயத்தில், 1917-இன் திருச்சபைச் சட்டம் இறைச்சிச் சாற்றையும் சேர்த்தே விலக்கியது. இன்றைய விதி சாற்றைத் தனியாகக் குறிப்பிடவில்லை. அதனால் சட்டத்தில் சந்து தேட முடியும்தான். ஆனால் கறியின் ருசி முழுக்க இலையில் இருக்க, துண்டை மட்டும் ஓரம் தள்ளிவைப்பதில் என்ன ஒறுத்தல் இருக்கிறது? சாம்பாரோ ரசமோ வைத்துச் சாப்பிடுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வஞ்சிரமும் இறாலும் வாங்கி விருந்தாக்குவதற்கும் இதே பதில்தான்.

கேள்வி: ஒவ்வொரு தவக்காலத்திலும் காபியை விடுகிறேன், கோபத்தையும் விடுவதாக முடிவெடுக்கிறேன். காபியை விட முடிகிறது. கோபம் முதல் வாரத்திலேயே பழையபடி வந்துவிடுகிறது. பிள்ளைகளிடம்தான் அதிகம் கத்துகிறேன். – வாசகி, தூத்துக்குடி

பதில்: முதலில் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். தினமும் காபி குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் தலைவலி, எரிச்சல், சோர்வு தொடங்கும். சிலருக்கு அது ஒரு வாரம் வரை இழுக்கும். நீங்கள் கோபத்தோடு போராடத் தொடங்குகிற அதே வாரம் அது! காபியை விடத்தான் வேண்டுமென்றால் திருநீற்றுப் புதனுக்குப் பத்து நாள் முன்பே மூன்று டம்ளரை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கிக் குறைத்துவாருங்கள். அல்லது இந்த ஆண்டு காபி இருக்கட்டும், கோபத்தை மட்டும் கவனியுங்கள். இரண்டில் எது பெரிய தவம் என்பதை உங்கள் பிள்ளைகளே சொல்வார்கள்.

அடுத்தது, ‘கோபப்பட மாட்டேன்’ என்பதைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ள முடியாது. கோபம் தானாக எழுகிற உணர்ச்சி. எழுந்ததாலேயே அது பாவமாகிவிடாது. அதற்கு வாயையும் கையையும் விட்டுக்கொடுப்பதில்தான் நம் சம்மதம் இருக்கிறது. தலையான பாவங்கள் ஏழுக்கும் எதிரான புண்ணியங்கள் ஏழை மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்திருப்பீர்கள்: ஆங்காரத்துக்கு (செருக்குக்கு) தாழ்ச்சி, உலோபித்தனத்துக்கு (கஞ்சத்தனத்துக்கு) உதாரம் (தாராளம்), போசனப்பிரியத்துக்கு மட்டசனம் (அளவான உணவு), கோபத்துக்குப் பொறுமை என்று போகும் அந்தப் பட்டியல். ஒவ்வொரு பாவத்துக்கும் எதிரே செய்ய வேண்டிய ஒன்றை வைத்திருப்பதுதான் அதன் பயன். விடுவதை மட்டும் முடிவு செய்து, அந்த இடத்தில் எதைச் செய்வது என்று யோசிக்காமல் விட்டால், பழைய பழக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆகவே தீர்மானத்தைச் சிறிதாக்குங்கள். நாள் முழுக்க, எல்லோரிடமும் என்று வேண்டாம். கத்தல் எந்த நேரத்தில், எந்த இடத்தில் வருகிறது என்று இரண்டு நாள் பாருங்கள். பல வீடுகளில் அது மாலை ஆறரை முதல் எட்டு வரை: அடுப்பில் குக்கர், மேசையில் வீட்டுப்பாடம், கைப்பேசியில் அலுவலக அழைப்பு. அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும் ஒரு செயலை முடிவு செய்யுங்கள். ‘குரல் உயர வந்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுவேன்.’ சமையலறையிலிருந்து கூடத்துக்குப் பேசும்போது தானாகவே குரல் ஏறும். பக்கத்தில் போனால் பாதி கத்தலுக்கு வேலையில்லை. வீட்டுப்பாடத்தை மாலை டீக்கு முன்பே முடிக்க வைப்பதும் தவமுயற்சிதான். விவேகமும் ஒரு புண்ணியம்.

மூன்றாவது, கணக்குப் பார்ப்பது. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் கற்றுத்தந்த தனி ஆய்வு முறை இதற்கென்றே உள்ளது. காலையில் எழுந்ததும் இன்று எதைத் தவிர்க்கப்போகிறேன் என்று மனத்தில் நிறுத்தி, அருளைக் கேட்பது. மதிய உணவுக்குப் பின், எழுந்ததிலிருந்து அதுவரை எத்தனை தடவை விழுந்தேன் என்று மணிவாரியாகப் பார்த்து, ஒரு கோட்டின்மேல் அத்தனை புள்ளி வைப்பது. இரவு உணவுக்குப் பின் இன்னொரு கோட்டில் அதேபோல. விழுந்த அந்த நொடியிலேயே, பக்கத்திலிருப்பவருக்குத் தெரியாமல் நெஞ்சில் கைவைத்து, செய்ததற்காக மனம் வருந்துவதும் இந்த முறையில் உண்டு. பிறகு முதல் கோட்டை இரண்டாவதோடும், நேற்றை இன்றோடும், போன வாரத்தை இந்த வாரத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து புள்ளி மூன்றானால் அது வளர்ச்சி. பூச்சியம் வராததால் எல்லாம் தோற்றது என்று விட்டுவிடுவதுதான் இரண்டாம் வாரத்தில் பெரும்பாலோருக்கு நடக்கிறது. அந்தச் சோர்வுக்குப் பின்னால் கொஞ்சம் ஆங்காரமும் ஒளிந்திருக்கும்: ‘நானா இப்படி?’ என்ற வியப்பு. விழுந்த அன்றே பிள்ளையிடம், “அம்மா கத்தினது தப்பு” என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை புதிய கோட்டில் தொடங்குங்கள்.

கேள்வி: தர்மத்துக்கான தவக்கால உண்டியலில் எவ்வளவு போட வேண்டும்? – வாசகர், நாகர்கோவில்

பதில்: நோன்பினால் மிச்சமானதைப் போடுங்கள். 15 ரூபாய் டீ நாளுக்கு இரண்டை விட்டால் 40 நாளில் 1,200 ரூபாய். அந்தப் பணத்தை அன்றன்றே உண்டியலில் போட்டுவிட வேண்டும். கடைசியில் மொத்தமாகப் போடலாம் என்று விட்டால், புனித வாரத்தில் பாக்கெட்டில் இருக்கிற சில்லறைதான் விழும். வெள்ளிகளில் மிச்சமாகும் கறிக்காசையும் சேருங்கள். பெரிய வெள்ளியோடு ஏழு வெள்ளி வரும்.

ஆனால் உண்டியலுக்கு முன் இன்னொன்று இருக்கிறது. வீட்டு வேலை செய்பவருக்குச் சம்பள பாக்கி உண்டா? திரும்பத் தராத கைமாற்று உண்டா? கடையில் வேலை பார்ப்பவரின் ஓய்வு நாளைப் பிடித்துவைத்திருக்கிறோமா? நோன்பு நாளில் வேலையாட்களை ஒடுக்குகிறவர்களைத்தான் எசாயா 58-ஆம் அதிகாரம் கண்டிக்கிறது. ஒருவருக்குச் சேர வேண்டியதைக் கொடுப்பது நீதி. அதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு அதிலிருந்து தர்மம் செய்ய முடியாது. முதலில் அதைத் தீர்த்துவிட்டு உண்டியலுக்கு வாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது, இன்சுலின் போடுகிறார். ஒருசந்தி இருந்தே தீருவேன் என்கிறார். – வாசகர், மதுரை

பதில்: வயதினாலும் நோயினாலும் அவருக்குக் கடமை இல்லை. இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். நடுக்கம், வியர்வை, குழப்பம் தெரிந்தாலோ அளவு 70-க்குக் கீழே போனாலோ உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ‘சாப்பிடும்மா’ என்று மட்டும் சொன்னால் அவர் மனம் ஆறாது. பங்குத்தந்தையே சொன்னால் கேட்பார். நோன்புக்குப் பதிலாக ஒரு செபமாலை, தொலைக்காட்சித் தொடர் ஒன்றை விடுவது, படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரைப் போய்ப் பார்ப்பது என்று அவரே தேர்ந்துகொள்ளட்டும்.

கேள்வி: சொத்துத் தகராறில் அண்ணனோடு பேசி நான்கு வருடமாகிறது, வழக்கு நடக்கிறது. மன்னிப்பது என்றால் வழக்கை விட்டுவிட வேண்டுமா? – வாசகர், பாளையங்கோட்டை

பதில்: வேண்டியதில்லை. நியாயமான பங்கைக் கேட்பது பாவமல்ல. பகையை வளர்ப்பதை மட்டும் நிறுத்துங்கள். முதல் இரண்டு வாரம் தினமும் அவர் பெயரைச் சொல்லி ஒரு பரலோக மந்திரம் (‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்ற செபம்) செபியுங்கள். உறவினர் யாரிடமும் அவரைப் பற்றிக் குறை பேசாதீர்கள். இரண்டாவதுதான் கடினம். அதன்பின் ஒரு நல்லநாள், கெட்டநாளைச் சாக்கிட்டு நேரில் போங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், எழுத்தை எந்தத் தொனியிலும் வாசிக்கலாம். நியாயம் பேச யாரையும் கூட்டிப்போக வேண்டாம். சொத்துப் பேச்சை எடுக்காமல், “அண்ணே, உடம்பு எப்படி இருக்கு?” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் முகம் கொடுக்காவிட்டால் சண்டை போடாமல் திரும்பிவந்து, செபத்தைத் தொடருங்கள். அடிதடியோ மிரட்டலோ நடந்திருந்தால் தனியாகப் போக வேண்டாம். முதலில் பங்குத்தந்தையிடம் பேசுங்கள்.

பாவசங்கீர்த்தனத்தையும் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதையும்) புனித வாரம் வரை தள்ளிவைக்காதீர்கள். அந்த வாரம் வரிசை நீளம், நேரம் குறைவு. நான்கு வருடக் கசப்பைச் சொல்ல நிதானம் வேண்டும். மூன்றாம் வாரத்துக்குள் பங்குத்தந்தையிடம் நேரம் கேட்டுப் போங்கள். அண்ணன் செய்ததை அங்கே விவரிக்க வேண்டியதில்லை. நீங்கள் பேசியது, செய்தது, மனத்தில் வைத்திருப்பது ஆகியவற்றை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் போதும். வெளியே வந்ததும் அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள்.