இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் எக்ஸிகியூட்டிவ்: ஆஃபர் லெட்டரில் இருப்பது எந்த வேலை?

கேள்வி: பி.காம். கடைசி வருடம் படிக்கிறேன். சென்னையில் இருக்கும் ஒரு வெளிநாட்டு வங்கி அலுவலகத்தில் ‘இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் எக்ஸிகியூட்டிவ்’ வேலை கேம்பஸில் கிடைத்திருக்கிறது. ஐபிஓ (கம்பெனி முதல்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பது), கம்பெனி இணைப்பு என்று பெரிய டீல்களில் வேலை செய்ய ஆசை. இதில் சேர்ந்தால் அங்கே போக முடியுமா? - வாசகி, ஈரோடு

பதில்: வேலையின் பெயரை விட்டுவிட்டு, வேலை விவரத்தைப் படியுங்கள். செட்டில்மென்ட், ரீகன்சிலியேஷன் (கணக்குகளை ஒப்பிட்டுச் சரிபார்ப்பது), கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு), கார்ப்பரேட் ஆக்‌ஷன் (டிவிடெண்ட், போனஸ் பங்கு போன்றவை) என்று இருந்தால் அது ஆபரேஷன்ஸ். வேறு யாரோ செய்த வர்த்தகத்தில் பணமும் பங்கும் சரியாகக் கைமாறியதா என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை. அமெரிக்காவில் 2024 மே முதல் பங்கு வர்த்தகத்தை மறு வேலைநாளிலேயே முடித்தாக வேண்டும். நியூயார்க் சந்தை திறக்கும்போது நமக்கு இரவு ஏழு, குளிர்காலத்தில் எட்டு. நைட் ஷிப்ட் எங்கிருந்து வருகிறது என்று புரிந்திருக்கும்.

இது மட்டமான வேலை இல்லை. டீம் லீட், மேனேஜர் என்று உயரலாம். ஆனால் அங்கிருந்து டீல் பக்கம் தாவுவது அபூர்வம். கூடுதல் படிப்பு இல்லாமல் நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேல்யுவேஷன் (கம்பெனிக்கு மதிப்பு போடுவது), பிட்ச் புக் (கிளையன்டிடம் டீலை விளக்கக் காட்டும் தொகுப்பு), ஃபினான்ஷியல் மாடலிங் என்று இருந்தால் கதை வேறு. வெளிநாட்டு டீல் டீமுக்கு இங்கிருந்தே கணக்குப் போட்டுக் கொடுக்கும் வேலை அது. கண்ணை மூடிக்கொண்டு சேரலாம்.

இந்தியாவில் டீல் டீம்கள் பெரும்பாலும் மும்பையில்தான். ஐ.ஐ.எம். மாதிரியான இடங்களில் எம்.பி.ஏ. முடித்தவர்களையும் நல்ல சி.ஏ.க்களையும் எடுக்கிறார்கள். அனலிஸ்ட், அசோசியேட், வைஸ் பிரெசிடென்ட், டைரக்டர், மேனேஜிங் டைரக்டர் என்று படிகள். (வைஸ் பிரெசிடென்ட் என்றதும் மலைக்காதீர்கள், ஒரே வங்கியில் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள்.) கீழ்ப்படிகளில் எக்செல்லும் ராத்தூக்கம் கெடுவதும், மேலே போகப் போக கிளையன்ட் பிடிப்பதுதான் பிழைப்பு.

பி.காம். முடிக்கப்போகும் உங்களுக்கு சி.ஏ.தான் கைக்கெட்டும் வழி. ஆர்ட்டிகிள்ஷிப் (அதற்கான கட்டாயப் பணிப் பயிற்சி) இப்போது இரண்டு வருடம். வேலையை விடாமல் படிக்க சி.எஃப்.ஏ. என்ற சர்வதேச முதலீட்டுப் படிப்பு சரிவரும்; அதில் மூன்று நிலைகள். ‘சேர்ந்தால் வேலை உறுதி’ என்று லட்சத்தில் ஃபீஸ் கேட்கும் கோர்ஸ் எதுவும் வேண்டாம்.

காசே செலவில்லாத பயிற்சி ஒன்று உண்டு. ஐபிஓவுக்கு வரும் கம்பெனிகளின் வரைவு ஆவணம், அதாவது டிஆர்எச்பி, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் இணையதளத்தில் இலவசம். முன்பக்கத்தில் கோட்டக் மஹிந்திரா கேபிடல், ஜேஎம் ஃபினான்ஷியல் மாதிரி, அந்த ஐபிஓவை நடத்தும் மெர்ச்சன்ட் பேங்கர்களின் பெயர் இருக்கும். உள்ளே ஆஃபர் விலைக்கான அடிப்படையைச் சொல்லும் அத்தியாயத்தில், அதே தொழிலில் உள்ள மற்ற கம்பெனிகளின் பி.இ. விகிதத்தோடு (ஒரு பங்கின் லாபத்தைப் போல எத்தனை மடங்கு அதன் விலை என்ற கணக்கு) ஒப்பிட்டிருப்பார்கள். ஆவணத்தில் இருக்கும் அந்தக் கம்பெனியின் மூன்று வருடக் கணக்கை எக்செல்லில் ஏற்றி நீங்களே ஒரு மதிப்பு போட்டுப் பாருங்கள். இன்டர்வியூவில் சர்டிஃபிகேட்டை விட இதைப் பற்றித்தான் நிறைய பேச முடியும்.

அப்புறம், கையெழுத்துப் போடும் முன் எச்.ஆரிடம் எந்த டீம், எந்த ஷிப்ட், பாண்ட் (இத்தனை காலம் வேலையை விடமாட்டேன் என்ற ஒப்பந்தம்) உண்டா என்று மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.