மறதி ஊசி

அன்புள்ள ஐயா,

என் மாமியாருக்கு 84 வயது. மூன்று பிள்ளைகளையும் மயக்க ஊசி போட்டுத்தான் பெற்றார். எதுவுமே நினைவில்லை, வலியே தெரியவில்லை என்கிறார். கொடுத்துவைத்தவர். இந்தக் காலத்துப் பெண்களுக்குத்தான் தாங்கும் சக்தி இல்லை. அடுத்த மாதம் என் மகளுக்குப் பிரசவம். முதுகில் ஊசி போட்டுக்கொள்ளவா என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

ர.

அன்புள்ள ர.,

மாமியார் ஊசி போட்டுக்கொண்டால் கொடுத்துவைத்தவர். மகள் கேட்டால் சக்தி இல்லாதவளா? கடிதத்தை அனுப்புவதற்குமுன் ஒருமுறை படித்துப் பார்த்திருக்கலாம். முதுகு அவளுடையது. அவளும் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும், நாம் இருவரும் விலகிக்கொள்வோம்.

'வலியே தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. சில மாதங்களாக அதே நினைப்பில்தான் இருக்கிறேன்.

ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் 1906 வாக்கில் க்ரோனிக், காவுஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் பரப்பிய முறை, அந்த மயக்க ஊசி. அந்தித் தூக்கம் என்று அழகான பெயர். மார்ஃபினோடு ஸ்கோபொலமைன் சேர்ந்த ஊசி. ஸ்கோபொலமைன் ஊமத்தையில் இருக்கும் அதே நஞ்சு. மார்ஃபின் வலியை ஓரளவு மழுக்கும். மற்றது நினைவு பதியவிடாமல் செய்யும். பிரசவ வேதனையில் கிடக்கும் பெண்ணிடம் ஒரு பொருளைக் காட்டுவார்கள். சற்றுப் பொறுத்து அதையே மறுபடி காட்டி, முன்பு பார்த்தாயா என்று கேட்பார்கள். இல்லை என்றால் மருந்து போதும் என்று அர்த்தம். கவனியுங்கள், அவர்கள் அளந்தது மறதியை! அவள் கத்தினாள், கட்டிலைவிட்டு இறங்கி ஓடப் பார்த்தாள். கண்ணை மூடினார்கள், காதில் பஞ்சை அடைத்தார்கள், பல இடங்களில் கையைக் கட்டினார்கள். விழித்தபோது பக்கத்தில் குழந்தை. சில குழந்தைகள் மூச்சுவிடத் திணறின.

உடனே மருத்துவர்களைத் திட்டக் கிளம்பிவிடாதீர்கள். 1914இல் அமெரிக்கப் பெண்கள் சங்கமே அமைத்து இந்த ஊசியைக் கேட்டுப் போராடினார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். கிடைத்தது வேறு.

என் அம்மாவும் ஊசி போட்டுத்தான் என்னைப் பெற்றாள். "நீ எப்படிப் பிறந்தாய் என்று பெரியம்மாவைக் கேள், நான் தூங்கிவிட்டேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். பெரியம்மா அந்தச் சிரிப்பில் ஒருநாளும் சேர்ந்துகொண்டதில்லை. இரவு முழுக்கப் பிரசவ அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் அவள். கதவு சாத்தியிருந்தாலும் சத்தம் வந்துகொண்டேதான் இருந்தது. மறுநாள் அம்மா இரண்டு மணிக்கட்டிலும் கன்றியிருந்த தடத்தைத் தடவிக்கொண்டே, "வளையல் அழுத்தியிருக்கிறது பாரேன்" என்றாளாம். அந்த வளையல்களை முந்தின நாள் மாலையே கழற்றி வாங்கித் தன் முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள் பெரியம்மா. "ஆமாம், வளையல்தான்" என்று சொல்லிவிட்டாள். அம்மா போய்ச் சேர்ந்த பிறகுதான் என்னிடம் இதைச் சொன்னாள். அதுவரை, ஐம்பது வருடங்களுக்கு மேல், அவளிடம் மட்டுமே இருந்தது.

மகளைப் பற்றித்தானே கேட்டீர்கள்? முதுகில் போடும் ஊசியில் அவள் விழித்திருப்பாள். வலித்தால் அவளே சொல்வாள். சொல்லும்போது சக்தியைப் பற்றிப் பேசாமல் இருங்கள்.

அப்புறம், உங்கள் மாமியாரின் மூன்று பிரசவங்களின்போதும் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது யார்? இருக்கிறார்களா?