விநியோகஸ்தர் பதிவு செய்துகொண்ட வணிகப் பெயரும் பதிவாகாத கடைக் குத்தகையும்

கேள்வி: ஐயா, நானும் என் மனைவியும் 2012-ஆம் ஆண்டிலிருந்து ஈரோட்டில் சாம்பார்ப் பொடி, குழம்பு மிளகாய்த் தூள், இட்லிப் பொடி ஆகியவற்றைத் தயாரித்து, என் பாட்டியின் பெயரிலேயே விற்று வருகிறோம். 2018-இல் கோவை, திருப்பூர் மாவட்டங்களுக்கு ஒருவரை விநியோகஸ்தராக நியமித்து, 20 ரூபாய் பத்திரத்தில் ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம். சென்ற ஆண்டு முதல் அவர் எங்களிடம் சரக்கு எடுப்பதை நிறுத்திவிட்டு, வேறெங்கோ அரைத்த பொடியை எங்கள் பெயரிலேயே விற்கிறார். எங்களுக்கு 6 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் பாக்கியும் வைத்திருக்கிறார். இப்போது அவருடைய வழக்கறிஞரிடமிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. எங்கள் பெயரை அவர் 2021-இல் விண்ணப்பித்து 2023-இல் தன் பெயருக்கு டிரேட்மார்க் பதிவு பெற்றுவிட்டாராம். 15 நாட்களுக்குள் நாங்கள் அந்தப் பெயரைக் கைவிட்டு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டுமாம். ஒப்பந்தம் முடிந்தபின் மூன்று ஆண்டுகளுக்கு அந்த இரு மாவட்டங்களில் நாங்கள் விற்கவே கூடாதாம். வம்பு வேண்டாம், பெயரை மாற்றிவிடலாம் என்று யோசிக்கிறோம். இதற்கிடையே கடை உரிமையாளர் காலமாகி, அவருடைய மகன் கடையைக் காலி செய்யச் சொல்கிறார். 2022 ஜூன் முதல் ஐந்தாண்டுக்கு, மாதம் 28,000 ரூபாய் வாடகைக்கு எழுதி, நோட்டரி கையெழுத்தும் பெற்ற ஒப்பந்தம் கையில் இருப்பதால் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பெயர் விஷயத்தில் என்ன செய்வது?

– வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது, நீங்கள் அஞ்ச வேண்டாத இடத்தில் அஞ்சி, அஞ்ச வேண்டிய இடத்தில் நிம்மதியாக இருக்கிறீர்கள் என்றே எனக்குத் தோன்றியது. பெயர் விஷயத்தில் உங்கள் நிலை நீங்கள் நினைப்பதைவிட உறுதியானது. கடை விஷயத்தில் கையில் இருக்கும் காகிதம் நீங்கள் நம்புகிற அளவுக்கு உதவாது. இருந்தாலும் நோட்டீஸுக்கு நாள் ஓடிக்கொண்டிருப்பதால் பெயரையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் (டிரேட்மார்க்) சட்டத்தில் பதிவுச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. 31-ஆம் பிரிவின்படி அது உரிமைக்கு முதல்நிலைச் சான்று. ஆனால் அது இறுதிச் சான்று அல்ல. அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவு, பதிவு பெற்றவர் பயன்படுத்தத் தொடங்கிய நாள், அவர் பதிவு பெற்ற நாள் ஆகிய இரண்டில் எது முந்தையதோ, அதற்கும் முன்பிருந்தே ஒரு பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தி வருபவரைப் பதிவு பெற்றவர் தடுக்க முடியாது என்கிறது. நீங்கள் 2012-இல் தொடங்கினீர்கள். அவர் தன் விண்ணப்பத்தில் மிக முந்தைய தேதியாக 2018-ஐக் காட்டியிருந்தாலும், அந்த ஆண்டு அவர் விற்றது உங்கள் பொடியைத்தான். தயாரிப்பாளரின் சரக்கை வாங்கி விற்கும் விநியோகஸ்தர் ஈட்டித் தருகிற நற்பெயர் தயாரிப்பாளரின் கணக்கில்தான் சேரும்.

இதை நம் ஊர்க்காரர் எவரும் மறக்க முடியாத ஒரு வழக்கின் மூலம் உச்ச நீதிமன்றம் 2015-இல் தெளிவுபடுத்தியது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வாவின் பெயரைப் பற்றிய வழக்கு அது. இரு தரப்பினரிடமும் பதிவுச் சான்றிதழ் இருந்தது. அப்படிப்பட்ட நிலையில் ஒருவர் மீது மற்றவர் பதிவுரிமை மீறல் வழக்குப் போட இயலாது என்றாலும், முன்பிருந்தே பயன்படுத்தி வருபவரின் உரிமை பதிவினால் வரும் உரிமையைவிட மேலானது என்றும், அவர் ‘பாசிங் ஆஃப்’ வழக்கின் மூலம் மற்றவரைத் தடுக்கலாம் என்றும் நீதிமன்றம் கூறியது. ஒருவர் தன் சரக்கை இன்னொருவருடைய சரக்கைப் போலக் காட்டி விற்பதைத் தடுப்பதற்கான வழக்குதான் இது. உங்கள் விநியோகஸ்தர் இப்போது செய்வதும் அதுவே.

ஆகவே பெயரை மாற்றாதீர்கள். மாற்றுவதாகப் பதில் நோட்டீஸில் ஒரு வரி கூட எழுதாதீர்கள். சமாதானத்துக்காக எழுதுகிற அந்த ஒரு வரிதான் பிற்பாடு ‘இவர்களே ஒப்புக்கொண்டார்கள்’ என்று நீதிபதியின் முன் வாசிக்கப்படும். 15 நாள் என்பது அவர்கள் வைத்த கெடு, சட்டம் விதித்ததன்று. ஆனாலும் அதற்குள் பதில் அனுப்புவதே முறை.

பதிலோடு சேர்த்து இரண்டு காரியங்களை உடனே செய்ய வேண்டும். முதலாவது, கேவியட் மனு. பதிவு பெற்றவர் தான் தொழில் நடத்தும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம் என்று 134-ஆம் பிரிவு சலுகை தருவதால், அவர் கோவையில் வழக்குப் போட்டு, நீங்கள் அறியும் முன்பே இடைக்காலத் தடை வாங்க முயலக்கூடும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148-ஏ பிரிவின்படி கேவியட் தாக்கல் செய்திருந்தால் உங்களுக்கு அறிவிக்காமல் உத்தரவு போகாது. அதன் ஆயுள் 90 நாள். முடிந்ததும் புதிதாகத் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டாவது, அவருடைய பதிவை நீக்கக் கோரி 57-ஆம் பிரிவின்படி மனு. இத்தகைய மனுக்களை விசாரித்துவந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்ட பிறகு, இந்த மனுவைச் சென்னை கிண்டியிலுள்ள வணிகச் சின்னப் பதிவு அலுவலகத்திலோ சென்னை உயர் நீதிமன்றத்திலோ தாக்கல் செய்யலாம். ஆனால் அவர் பதிவுரிமை மீறல் வழக்கைத் தொடர்ந்து, அதில் நீங்கள் பதிவின் செல்லுந்தன்மையை எதிர்த்துவிட்டால், அதன் பிறகு உயர் நீதிமன்றம் மட்டுமே வழி. எனவே எங்கே போவது என்பதை உங்கள் வழக்கறிஞர் இப்போதே முடிவு செய்வது நல்லது.

இங்கே ஒரு நுணுக்கம். முகவர் ஒருவர் உரிமையாளரின் சின்னத்தைத் தன் பெயரில் பதிந்துகொண்டால் அதை நீக்கக் கோரலாம் என்று 146-ஆம் பிரிவு இருப்பதைக் காட்டி, உங்கள் வழக்கு முழுவதும் அதில் அடங்கிவிட்டது என்று யாராவது சொல்லக்கூடும். அந்தப் பிரிவு ஏற்கெனவே பதிவான சின்னத்தின் உரிமையாளரைப் பற்றியே பேசுகிறது. நீங்கள் பதிவே செய்யவில்லை. ஆகையால் முந்தைய பயன்பாடு, விண்ணப்பித்தவர் உண்மையில் உரிமையாளர் அல்லர் என்பது, கெட்ட எண்ணத்தோடு விண்ணப்பித்தது ஆகிய காரணங்களை முன்வைப்பதே பாதுகாப்பானது. அதோடு, தெரிந்தே ஐந்தாண்டுகள் தொடர்ந்து சும்மா இருந்தால் 33-ஆம் பிரிவு உங்கள் வாயை அடைத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதே சமயத்தில் உங்கள் பெயரிலும், மசாலாப் பொருட்கள் அடங்கும் 30-ஆம் வகுப்பில், சின்னப் பதிவுக்கான டிஎம்-ஏ படிவத்தில் விண்ணப்பம் போடுங்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணைய வழிக் கட்டணம் 4,500 ரூபாய். 2012-இலேயே செய்திருக்க வேண்டிய செலவு இது. இன்று அதைப்போலப் பல மடங்கு வழக்குக்குப் போகப் போகிறது. பயன்பாடு தொடங்கிய தேதியை விண்ணப்பத்தில் குறிப்பிட்டு, ஆவணங்களோடு பிரமாணப் பத்திரமும் தர வேண்டும். ஆவணத்தால் நிரூபிக்க முடியாத தேதியை எழுதாதீர்கள். 2012 நவம்பர் பில்தான் கையில் இருக்கிறது என்றால் நவம்பர் என்றே எழுதுங்கள். ஏப்ரல் என்று எழுதிவிட்டுக் குறுக்கு விசாரணையில் தடுமாறினால் மீதி ஆவணங்களின் மதிப்பும் குறைந்துவிடும். உணவுப் பாதுகாப்பு உரிமம், ஜி.எஸ்.டி. வருவதற்கு முந்தைய வாட் பதிவு, கடைகளுக்குப் போட்ட பில்கள், கவர் அச்சடித்த ரசீதுகள், உள்ளூர் நாளிதழ் விளம்பரங்கள் என எதையும் ஆண்டு வாரியாகத் தேடி எடுங்கள். வாட்ஸ்அப் ஆர்டர்களும் உதவும்; ஆனால் அவற்றைச் சான்றாக ஏற்க, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும் என்பதால், பழைய கைபேசியைத் தூக்கி எறிய வேண்டாம்.

உங்களிடம் உள்ள மிகச் சிறந்த ஆவணம் எது தெரியுமா? நீங்கள் கூச்சத்தோடு குறிப்பிட்ட அந்த 20 ரூபாய் பத்திரம்தான். 2018-இல் சாதாரண ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை அவ்வளவே. 200 ரூபாயாக உயர்ந்தது 2024-இல்தான். அதில் இந்தப் பெயரில் பொருளைத் தயாரிப்பவர் நீங்கள், விற்பவர் அவர் என்று எழுதி அவரும் கையெழுத்திட்டிருந்தால், பெயர் யாருடையது என்பதை அவர் தன் கையாலேயே ஒப்புக்கொண்டார் என்று பொருள். அசலை வங்கி லாக்கரில் வையுங்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் மூன்றாண்டு விற்கக் கூடாது என்ற வாசகத்தைப் பொறுத்தவரை, இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 27-ஆம் பிரிவின்படி ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் உடன்பாடு செல்லாது. தொழிலின் நற்பெயரை விலைக்கு விற்றவர் மட்டுமே அதற்கு விலக்கு, நீங்கள் அப்படி எதையும் விற்கவில்லை.

பாக்கித் தொகைக்கு, ஒவ்வொரு பில்லுக்கும் மூன்றாண்டு காலவரம்பு தனித்தனியாக ஓடுகிறது. இடையில் அவர் ஒரு பகுதியைச் செலுத்தியிருந்தாலோ, பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தாலோ அந்த நாளிலிருந்து புதிதாகக் கணக்கு தொடங்கும். சரக்கு அனுப்பிய காலத்தில் உங்களுக்கு உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருந்திருந்தால், குறு, சிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் ஃபெசிலிட்டேஷன் கவுன்சிலில் மனுச் செய்யலாம். 45 நாளுக்கு மேல் தாமதமான தொகைக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. தகராறை நடுவரிடம் கொண்டுபோக வேண்டும் என்ற விதி ஒப்பந்தத்தில் இருந்தாலும் இந்த வழி அடைபடாது.

இனி கடை. இங்கேதான் உங்களுக்குக் கசப்பான செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யப்பட வேண்டும் என்று பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் சொத்து மாற்றுச் சட்டத்தின் 107-ஆம் பிரிவும் கட்டாயமாக்குகின்றன. நோட்டரியின் முத்திரை அதற்கு ஈடாகாது; கையெழுத்துப் போட்டவர் இவர்தான் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. பதிவாகாத உங்கள் பத்திரத்தைக் கொண்டு ‘ஐந்தாண்டு’ என்ற காலத்தை நிரூபிக்க முடியாது. வாடகை கொடுத்து இருந்து வருவதால் மாதக் குத்தகைதாரர் என்ற நிலைதான் மிஞ்சும். பின்கட்டில் மாவு மெஷினும் பேக்கிங்கும் நடப்பதால் இது உற்பத்திக்கான குத்தகை, ஆறு மாத நோட்டீஸ் வேண்டும் என்று வாதாடலாமா என்றால், அதே போன்ற பதிவாகாத ஐந்தாண்டுக் குத்தகை ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2023-இல் குத்தகைதாரரின் அந்த வாதத்தை ஏற்கவில்லை. வாடகையை மட்டும் கணக்கிட்டாலே 16 லட்சத்து 80 ஆயிரத்துக்கு 1 சதவீதத் தீர்வையாக 16,800 ரூபாயும் அதே அளவு பதிவுக் கட்டணமும் ஆகியிருக்கும். அதை மிச்சப்படுத்தியதன் விலை இது. தீர்வை குறைந்த பத்திரத்தை நீதிமன்றத்தில் நீட்டினால் குறைவுத் தொகையோடு பத்து மடங்கு வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

இதோடு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், நகர்ப்புறங்களில் எல்லா வாடகை ஒப்பந்தங்களையும் எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. 11 மாதத்துக்கு எழுதினால் பதிவு தேவையில்லை என்று நம்மூரில் காலங்காலமாகச் சொல்லப்படுவது இந்தச் சட்டத்தின் முன் எடுபடாது. அப்படி ஒப்பந்தம் இல்லாததையே காரணமாகக் காட்டி உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தில் வெளியேற்றம் கோர முடியும்.

ஆனால் நாளைக்கே பூட்டுப் போட அந்த மகனுக்கு உரிமை கிடையாது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்களை வெளியேற்றினால் ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடர்ந்து இடத்தைத் திரும்பப் பெறலாம். மின்சாரத்தையோ தண்ணீரையோ துண்டிக்கவும் அவருக்கு அதிகாரமில்லை. அதே சமயம், அட்வான்ஸில் கழித்துக்கொள்ளட்டும் என்று வாடகையை நிறுத்திவிடாதீர்கள். வாடகை நிலுவை வெளியேற்றத்துக்குத் தனிக் காரணமாகிவிடும். வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி வங்கி வழியாகவே செலுத்துங்கள். வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்துங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கடைக்காக வழக்காட மாட்டேன். உணவுப் பாதுகாப்பு உரிமம் இடத்தோடு கட்டப்பட்டது. பெயர் வழக்கு நடக்கும் வேளையில் இடத்தையும் இழந்து, உரிமத்தையும் மாற்றிக்கொண்டு நிற்பது பெயர் வழக்கையும் பலவீனமாக்கும். சந்தை நிலவரத்துக்கு ஏற்றபடி சில ஆயிரம் ரூபாய் கூட்டிக் கொடுத்து, எல்லா வாரிசுகளின் கையெழுத்தோடும் மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்குப் புதிய குத்தகை எழுதி, சார்பதிவாளரிடமும் வாடகை அதிகாரியிடமும் பதிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. கவர் ரசீதுகளைக் கேட்டு அச்சகத்துக்குப் போகும்போது, லேபிளை வரைந்த ஓவியரிடமிருந்து பதிப்புரிமையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெளியாளிடம் கூலி கொடுத்து வரையச் சொன்னால் லேபிள் வடிவமைப்பின் முதல் உரிமையாளர் பொதுவாக அவர்தான். காசு கொடுத்ததாலேயே அது உங்களுடையதாகிவிடாது. எழுதி வாங்கும் பத்திரத்தில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி அது ஐந்தாண்டுக்கு மட்டுமே என்று கருதப்படும். ஆகவே பதிப்புரிமை நீடிக்கும் காலம் முழுவதற்கும் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.