கூண்டு மீனின் கழிவு, தெப்பத்துப் பாசி: கேள்வி பதில்

கேள்வி: கடலில் கோபியா மீன் வளர்க்கும் கூண்டுக்குப் பக்கத்தில் கடற்பாசித் தெப்பம் கட்டினால் பாசி விளைச்சல் கூடும் என்கிறார்கள். நிஜமா?

பதில்: நிஜம்தான். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் இதைப் பாக் விரிகுடாவில் முனைக்காட்டில் செய்து காட்டியது. ஒரு கூண்டுக்கு 16 மூங்கில் தெப்பங்கள், ஒவ்வொன்றும் 12க்கு 12 அடி. தெப்பத்துக்கு 60 கிலோ கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசி, விதையாக. 45 நாளில் கூண்டருகே இருந்த தெப்பம் சராசரி 260 கிலோ தந்தது. தனியாக இருந்தது 150 கிலோ. மீன் செவுள் வழியாக விடும் அம்மோனியாதான் காரணம். கடல்நீரில் அது பெரும்பாலும் அம்மோனியமாக இருக்கும். பாசி அதை அப்படியே உறிஞ்சும். நைட்ரஜனின் இன்னொரு வடிவமான நைட்ரேட்டை எடுத்தால் உள்ளே அம்மோனியமாக மாற்றவேண்டும், அதற்கு வெயிலின் சக்தி செலவாகும்.

கேள்வி: அப்படியானால் 16 தெப்பம் இருந்தால் கூண்டின் கழிவு முழுக்க சுத்தமாகிவிடும் அல்லவா?

பதில்: ஆகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். தினம் 50 கிலோ சூடை, சாளை போடுகிறீர்கள் என்று வைப்போம். 45 நாளில் 2,250 கிலோ. அதில் புரதம் சுமார் 18 சதவீதம். புரதத்தில் நைட்ரஜன் 16 சதவீதம். ஆக 65 கிலோ நைட்ரஜன் கடலுக்குள் போகிறது. மீன் உடம்பில் தங்குவது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. மிச்சத்தில் 35 கிலோ அளவு நீரில் கரைந்து போகும், மற்றது எச்சமாகவும் தின்னாத இரையாகவும் அடியில் விழும்.

இனி பாசி. ஒரு தெப்பத்தில் கூடிய எடை 200 கிலோ, 16 தெப்பத்துக்கு 3,200 கிலோ. காய்ந்தால் பத்தில் ஒரு பங்கு, 320 கிலோ. காய்ந்த பாசியில் நைட்ரஜன் 1 சதவீதம் என்றால் 3.2 கிலோ, நன்றாக ஊட்டம் ஏறி 1.5 சதவீதம் ஆனாலும் 5 கிலோவுக்குள்தான். கரைந்து போனதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. கூண்டால் பாசிக்கு லாபம் உறுதி. கடல் சுத்தமாகிறது என்று சொல்ல தெப்பங்களைப் பல மடங்கு பெருக்க வேண்டும். இரையைக் குறைத்து வீணாகாமல் போடுவதுதான் அதைவிடப் பெரிய சுத்தம்.

கேள்வி: தெப்பத்தை எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம் கட்டுவது?

பதில்: முனைக்காட்டில் கூண்டிலிருந்து 15 அடி தள்ளி அரைவட்டமாக வைத்தார்கள். நீரோட்டம் கூண்டைக் கடந்து வரும் பக்கம் அந்த அரைவட்டம் இருக்கவேண்டும். காற்றுக்காலம் மாறினால் ஓட்டமும் திரும்பும். தெப்பத்தையும் திருப்பிக் கட்டுங்கள். ஒட்டிக் கட்டினால் கூண்டுக்குள் போகும் நீர் தடைபடும். இரவில் பாசியும் ஆக்சிஜனை எடுக்கும், விடியற்காலையில் மீன் மூச்சுத் திணறும். ஓட்டமே இல்லாத இடமும் வேண்டாம்: பாசித்தண்டைச் சுற்றி ஒரு மெல்லிய நீர்ப்படலம் அசையாமல் நிற்கும், அதிலுள்ள சத்து தீர்ந்ததும் உறிஞ்சல் நின்றுவிடும். கயிற்றை அவ்வப்போது உதறுங்கள். மேலே படிந்த வண்டலும் இதே கெடுதலைச் செய்கிறது.

கேள்வி: பாசி வெளுக்கிறது. சத்துக் குறைவா, தண்டு வெளுத்து முறியும் ஐஸ்-ஐஸ் நோயா?

பதில்: ஒரு கொத்தைக் கையில் எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடியுங்கள். தண்டு முழுக்க ஒரே சீராக வைக்கோல் நிறத்தில் வெளிறி, ஆனால் விறைப்பாக இருந்தால் நைட்ரஜன் பற்றாக்குறை. கூண்டருகே நகர்த்தினால் சில நாளில் கருமை திரும்பும். கிளையின் நடுவே ஓரிடம் மட்டும் கண்ணாடிபோல வெளுத்து, வளைத்தால் அங்கேயே முறிந்தால் அது ஐஸ்-ஐஸ். சூடேறிய நீர், உப்புத்தன்மை மாற்றம் என்று ஏதோ ஒன்றால் களைத்த பாசியில்தான் அது வரும். சத்தைக் கூட்டி அதைச் சரிசெய்ய முடியாது. கெட்டதை வெட்டி கரைக்குக் கொண்டுவாருங்கள். நுனி மட்டும் மொட்டையாக இருந்தால் ஓரா மீன் கடித்தது, தெப்பத்தின் அடியில் வலை கட்டுங்கள்.

கேள்வி: இறால் குட்டையின் வடிகாலில் இதே பாசியைப் போடலாமா?

பதில்: கப்பாஃபைகஸ் வேண்டாம். கலங்கலும் உப்புக் குறைவும் அதற்கு ஆகாது. கஞ்சிப்பாசி (கிராசிலேரியா என்ற இன்னொரு கடற்பாசி) பரவாயில்லை, ஆனால் தண்ணீரை முதலில் படிவுக் குட்டையில் தெளியவிடுங்கள். சத்துநீரை நாள் முழுக்கத் தொடர்ந்து பாய்ச்சாதீர்கள், இடைவெளி விட்டுக் கொடுங்கள். பட்டினி கிடந்த கஞ்சிப்பாசி சில மணி நேரத்திலேயே அம்மோனியத்தை வேகமாக எடுத்துச் சேமித்துக்கொள்ளும். மேலே ஒட்டி வளரும் நூற்பாசிக்கு அந்தச் சேமிப்பு குறைவு, அதனால் அது பின்தங்கும்.

கேள்வி: கூண்டுக் கழிவிலுள்ள பாஸ்பரஸையும் பாசி எடுக்குமா?

பதில்: பெரும்பகுதி எச்சத்தோடு அடியில் போய்விடும், பாசிக்கு எட்டாது.

கேள்வி: 45 நாளுக்குப் பதில் 70 நாள் விட்டால் இன்னும் எடை ஏறுமா?

பதில்: நெருக்கம் கூடி உள்கிளைக்கு வெளிச்சம் போகாது, வளர்ச்சி மந்தமாகும், பாரத்தில் கொத்து முறிந்து விழும். விழுந்தது அடியில் அழுகி, எடுத்த நைட்ரஜனை அங்கேயே திருப்பிக் கொட்டும். 45ஆம் நாள் அறுத்து, அதிலிருந்தே இளங்கிளையாகப் பார்த்து 150 கிராம் துண்டுகளாக, கயிற்றுக்கு 20 துண்டு வீதம் 20 கயிறு மறுபடி கட்டுங்கள்.