மேலே பொன்னிறம், அடியில் குளம்: சிக்கன் கேசரோல் ஏன் சொதப்புகிறது?

கேள்வி: விடுமுறை நாளில் குடும்பமாக எட்டுப் பேர் சாப்பிட உட்காருவோம். போன முறை சிக்கன் கேசரோல் செய்தேன். பச்சைச் சிக்கன் துண்டுகள், வேகவைத்த பாஸ்தா, உறைந்த காய்கறி, கிரீம் எல்லாவற்றையும் கலந்து ஒரு மணி நேரம் ஓவனில் வைத்தேன். மேலே அழகாகச் சிவந்திருந்தது. கரண்டியை விட்டால் அடியில் தண்ணீர், சிக்கனோ வெறும் சக்கை. இந்த முறை முந்தைய நாளே தயார் செய்து வைக்கலாம் என்றிருக்கிறேன். சுலபமான வழி சொல்லுங்களேன்.

பதில்: உங்கள் ஓவன் மேல் தப்பில்லை. அதனிடம் நீங்கள் அளவுக்கு மீறி வேலை வாங்கிவிட்டீர்கள், அவ்வளவுதான். பச்சைச் சிக்கன் சூடாகும்போது தன்னிடமுள்ள நீரை வெளியே தள்ளும். உறைந்த காய்கறியும் உருகி நீர் விடும். திறந்த சட்டியில் கொதிக்கிற குழம்பு என்றால் அந்த நீரைக் கிளறிச் சுண்ட வைக்கலாம். ஆழமான பேக்கிங் பாத்திரத்தில், அதுவும் மேலே ஒரு மொறுமொறு அடுக்கு மூடியிருக்கும்போது, நீர் போக வழியில்லை, அடியில்தான் தேங்கும். நடுவில் இருக்கும் சிக்கன் வெந்துவிட்டதா என்று காத்திருக்கும் நேரத்தில் ஓரத்தில் இருப்பது சக்கையாகிவிடும்.

ஆகவே நான் சொல்வது ஒன்றுதான்: ஓவனுக்குள் எதுவும் பச்சையாகப் போக வேண்டாம். எல்லாம் அடுப்பிலேயே வெந்து முடியட்டும். ஓவனுக்கு மிச்சமிருப்பது எல்லாவற்றையும் ஒன்று சேர்த்துச் சூடாக்கி, மேலே சிவக்க வைக்கும் வேலை மட்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. பச்சைச் சிக்கன் கலந்த கலவையை வாயில் வைத்துப் பார்க்க முடியாது. எல்லாம் வெந்திருந்தால் ஓவனுக்குப் போகும் முன்பே ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்து உப்பைச் சரி செய்துகொள்ளலாம்.

சரி, எட்டுப் பேருக்கான அளவு. 33 செ.மீ. நீளம், 23 செ.மீ. அகலம் உள்ள பாத்திரம் போதும். எலும்பில்லாத தொடைக்கறி 1 கிலோ வாங்குங்கள். நெஞ்சுக்கறி பார்க்க வெள்ளையாக, அழகாக இருக்கும்; ஆனால் அதில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் குறைவு, இரண்டாவது முறை சூடேறும்போது தாங்காது. தொடைக்கறி கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் மெத்தென்றுதான் இருக்கும். கறியைக் குழாயடியில் கழுவ வேண்டாம். தெறிக்கும் நீரோடு கிருமியும் சிங்க் முழுக்கப் பரவும். வேகும் சூட்டில் அது தானே செத்துவிடும்.

கறி மூழ்கும் அளவு தண்ணீர், உப்பு, ஒரு பிரிஞ்சி இலை, நாலு மிளகு. கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மெல்லக் குமிழிடும் நிலையில் 15 முதல் 20 நிமிடம். சமையல் வெப்பமானி இருந்தால் தடித்த துண்டின் நடுவில் குத்திப் பாருங்கள், 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். எடுத்து ஆற வைத்து, கையால் பெரிய துண்டுகளாகப் பிய்த்துக்கொள்ளுங்கள். அந்த வெந்நீரைக் கொட்டிவிடாதீர்கள், அதுதான் உங்கள் ஸ்டாக்.

காளான் சேர்ப்பதாக இருந்தால் 250 கிராம். அகலமான வாணலியில், நல்ல தீயில், அது விடும் தண்ணீரெல்லாம் வற்றி ஓரம் சிவக்கும் வரை வதக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் அடியில் மறுபடி குளம்தான். பிறகு இரண்டு வெங்காயம், நாலு பல் பூண்டு வதக்கிக்கொள்ளுங்கள். உறைந்த பட்டாணி, கேரட் இரண்டு கப் என்றால் முழுக்க உருக விட்டு, வடிகட்டி, வாணலியில் ஒரு புரட்டு புரட்டினால் போதும்.

இந்த உணவின் உயிர் வெள்ளை சாஸ். டின் சூப் ஊற்றுவது சுலபம்தான், தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் இது 10 நிமிட வேலை, உப்பும் உங்கள் கையில் இருக்கும். 75 கிராம் வெண்ணெயை உருக்கி, 75 கிராம் மைதாவைப் போட்டு மிதமான தீயில் 2 நிமிடம் கிளறுங்கள். நிறம் மாறக் கூடாது, பச்சை வாடை போனால் சரி. 700 மி.லி. பாலும் எடுத்துவைத்த ஸ்டாக்கில் 300 மி.லி.யும் கலந்து, முதலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கட்டி தட்டாமல் கலக்குங்கள். கலவை நீர்க்க இருக்கிறதே என்று பயந்து மேலும் மாவு போட்டுவிடாதீர்கள். கொதி வரும்போதுதான் மாவிலுள்ள ஸ்டார்ச் முழுதாக உப்பிக் கெட்டியாகும். கரண்டியின் பின்பக்கம் படிந்த சாஸில் விரலால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்க வேண்டும். அதுதான் பதம்.

அடுப்பை அணைத்த பிறகு 150 கிராம் செடார் சீஸைத் துருவிப் போடுங்கள். கொதிக்கும்போது போட்டால் சீஸ் திரிந்து எண்ணெய் கக்கும். பாக்கெட்டில் துருவியே வருவதில் ஒட்டாமல் இருக்க மாவு தூவியிருப்பார்கள், வழவழப்பாக உருகாது. கட்டியாக வாங்கித் துருவுவதே மேல்.

பாஸ்தா 250 கிராம். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு 3 நிமிடம் முன்பே வடித்துவிடுங்கள். கடித்தால் நடுவில் கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும். மிச்சத்தை சாஸிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும்.

எல்லாவற்றையும் கலந்து, ருசி பார்த்து, வெண்ணெய் தடவிய பாத்திரத்தில் பரப்புங்கள். அன்றே பரிமாறுவதாக இருந்தால் ஒரு கப் ரொட்டித்தூளை 40 கிராம் உருகிய வெண்ணெயில் பிசறி மேலே தூவி, 180 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். விசிறி உள்ள ஓவன் என்றால் 160 போதும். ஓரங்களில் குமிழ் வந்து மேல்பக்கம் சிவந்தால் ஆயிற்று.

இனி முந்தைய நாள் விஷயம். தாராளமாகச் செய்யலாம், ஆனால் ரொட்டித்தூளை மட்டும் தனி டப்பாவில் வையுங்கள். இரவே தூவினால் காலையில் கூழாகிவிடும். பாஸ்தா இரவு முழுக்க சாஸைக் குடிக்கும் என்பதால் கலக்கும்போதே அரை கப் பால் கூடுதலாக ஊற்றுங்கள். சமைத்து 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் போய்விட வேண்டும். சிக்கனைப் பாதி வேகவைத்து மீதியை நாளைக்கு என்று வைப்பது மட்டும் கூடவே கூடாது, கிருமி பெருக அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

மறுநாள் ஓவனைச் சூடாக்கும் முன்பே பாத்திரத்தை வெளியே எடுத்து அரை மணி நேரம் வைத்துவிடுங்கள். கண்ணாடிப் பாத்திரம் என்றால் இது ரொம்ப முக்கியம். ஃப்ரிட்ஜிலிருந்து நேராகச் சூடான ஓவனில் வைத்து ஒரு முறை என் பாத்திரம் இரண்டாகப் பிளந்தது. அன்று எல்லோரும் முட்டையும் ரொட்டியும்தான் சாப்பிட்டோம். ஃபாயில் போட்டு மூடி 35 முதல் 40 நிமிடம், பிறகு ஃபாயிலை எடுத்துவிட்டு ரொட்டித்தூள் தூவி இன்னொரு 15 நிமிடம். நடுப்பகுதி 74 டிகிரி வந்ததா என்று பார்த்துவிட்டு வெளியே எடுங்கள்.

எடுத்ததும் பரிமாறாதீர்கள், 10 நிமிடம் அப்படியே இருக்கட்டும். சூட்டில் சாஸ் நீர்த்திருக்கும், ஆற ஆற இறுகும். போன முறை நீங்கள் பார்த்த தண்ணீரில் கொஞ்சம் இந்த அவசரத்தாலும் வந்திருக்கலாம்.

மிஞ்சினால் மூடி ஃப்ரிட்ஜில் 3 நாள் வைக்கலாம். சூடாக்கும்போது ஒரு கரண்டி பால் தெளித்து மூடிச் சூடாக்குங்கள், சாஸ் பழையபடி இளகும். மேலடுக்கின் மொறுமொறுப்பு மட்டும் திரும்ப வராது, வேண்டுமானால் கடைசியில் புதிதாகக் கொஞ்சம் ரொட்டித்தூள் வறுத்துத் தூவிக்கொள்ளுங்கள்.