குழந்தையின் கழுத்தில் டிபி அல்லாத மைக்கோபாக்டீரியா நெறிக்கட்டி: அறுவை சிகிச்சையா, காத்திருப்பதா?

டிபி கிருமியின் இனத்தைச் சேர்ந்த, ஆனால் டிபியை உண்டாக்காத கிருமிகளால் (மைக்கோபாக்டீரியா) குழந்தையின் கழுத்தில் நெறி கட்டினால் அறுவை செய்வதா, காத்திருப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் குழந்தையின் வயதைச் சொல்லவில்லை. ஐந்துக்குள் இருக்கும். ஒரு பக்கத் தாடைக்குக் கீழே மட்டும் வீங்கியிருக்கும், காய்ச்சல் இருக்காது, தொட்டால்கூட அழாது. சரிதானே? என் மகளுக்கு மூன்று வயதில் அப்படித்தான் வந்தது.

யாராவது “சின்னதாகக் கீறிச் சீழை எடுத்துவிடலாம்” என்றால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். நான் ஆட்டினேன்.

பத்து நாள் கொடுத்த அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்குக் கட்டி மசியவில்லை. மாமியார் கண்டமாலை (கழுத்தில் நெறிகட்டும் நோய்க்குப் பழைய பெயர்) என்றார். மூன்றாவது வாரம் மேல்தோல் நாவற்பழ நிறமாகி, வெங்காயச் சருகாக மெலிந்துவிட்டது. எங்கள் ஊர் மருத்துவமனை ஒன்றில் கீறினார்கள். கீறிய இடம் பதினொரு வாரம் மூடவில்லை. தினமும் காலையில் தலையணை உறையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மஞ்சள் கறை. எடுத்த சதை முழுவதையும் ஃபார்மலினில் போட்டிருந்தார்கள். அதில் கிருமி செத்துவிடும், வளர்த்துப் பார்க்க வழியில்லை. ‘கிரானுலோமா’ (டிபியிலும் இந்த வகைக் கிருமிகளிலும் ஒரேபோலத் தெரியும் அழற்சி முடிச்சு) என்று அறிக்கை வந்ததும் டிபி மருந்தைத் தொடங்கினார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதுதான் கண்ட பலன்.

“டிபி மருந்தை நிறுத்தச் சொல்கிறாயா?” என்று கிளம்பி வருபவர்களுக்கு: நான் மருத்துவர் அல்ல, யாரையும் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. நம் நாட்டில் கழுத்தில் நெறிகட்டினால் முதலில் டிபியைச் சந்தேகிப்பதே முறை. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு ஒரு துளிகூட அனுப்பவில்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

இரண்டாவதாகப் போன இடத்தில் ஊசியால் உறிஞ்சி அனுப்பினார்கள். ஐந்து வாரம் கழித்து மைக்கோபாக்டீரியம் ஏவியம் என்று முடிவு வந்தது. மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் கிருமி. இந்த நெறிக்கட்டி ஒரு குழந்தையிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றாது. டிபி மருந்துகளில் பைராசினமைடு இதை அசைப்பதே இல்லையாம்.

அந்த மருத்துவர் பொறுமையாக மூன்று வழிகளையும் சொன்னார். நெதர்லாந்தில் 100 குழந்தைகளை வைத்துச் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், கட்டியை முழுதாக எடுத்தவர்களில் 96 சதவீதம் பேர் குணமானார்கள். அறுவை இல்லாமல் கிளாரித்ரோமைசின், ரிஃபாபுட்டின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்குகளைச் சாப்பிட்டவர்களில் 66 சதவீதம். இஸ்ரேலில் 92 குழந்தைகளுக்கு எதுவும் செய்யாமல் கவனித்துவந்திருக்கிறார்கள். 71 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள்ளும் மற்றவர்களுக்கு ஓராண்டுக்குள்ளும் தானாகவே ஆறிவிட்டது. ஆகவே காத்திருப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தினமும் சீழைத் துடைக்கத் தெம்பு வேண்டும், எனக்கு அது தீர்ந்துபோயிருந்தது.

கட்டியோடு, வடிந்துகொண்டிருந்த துவாரத்தையும் சேர்த்து எடுத்தார்கள். கீழுதட்டை இயக்கும் முகநரம்புக் கிளை அந்த வழியாகத்தான் ஓடுகிறது. இரண்டு மாதம் அவள் அழும்போது உதட்டின் ஒரு பக்கம் மட்டும் இறங்காது. பிறகு சரியாகிவிட்டது. அறுவை மருத்துவரிடம் இந்த நரம்பைப் பற்றி முன்கூட்டியே கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் வேறொருவரைப் பாருங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொற்றாது என்று மருத்துவர் கைப்பட எழுதித் தந்த சான்றிதழோடு அவளுடைய மழலையர் பள்ளிக்குப் போனேன். “மற்றப் பெற்றோர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்” என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் பருவத்துக்குக் கட்டிய பணம் திரும்பவில்லை. மதியத் தூக்கத்துக்குக் கொடுத்தனுப்பிய பாயும், நான் பெயர் தைத்த துண்டும் இன்னும் அங்கேதான் கிடக்கின்றன.