வலையில் வந்த ஜாடி: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

இலங்கையின் தென்கரைக்கு அப்பால் கடலடியில் கிடக்கும் பழைய கொடவாய கப்பலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நாங்கள் நாகப்பட்டினம் பக்கத்து மீனவக் குடும்பம். நேற்று என் சித்தப்பாவின் வலையில் சிப்பி படர்ந்த ஒரு மண்ஜாடி ஏறி வந்தது. ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறோம், கழுவிக் காயவைக்கலாமா? கடலுக்குள் கிடப்பவற்றையெல்லாம் எடுத்து அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டால் அவை பிழைத்துக்கொள்ளும் அல்லவா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தயவுசெய்து காயவைக்காதீர்கள். மண்ணுக்குள் ஊறிய உப்பு, ஈரம் வற்றும்போது படிகமாகி ஜாடியின் மேற்பரப்பைச் செதில் செதிலாக உதிர்த்துவிடும். கடல்நீர் நிரப்பிய தொட்டியில் அமிழ்த்தி, சிப்பியைச் சுரண்டாமல் நிழலில் வைத்துவிட்டு, மாநிலத் தொல்லியல் துறைக்குத் தகவல் கொடுங்கள். எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்தில், கரையில் எந்தக் கோபுரத்துக்கும் எந்த மரத்துக்கும் நேராக வலை இழுபட்டது என்பதைச் சித்தப்பாவிடம் கேட்டு இன்றே எழுதி வையுங்கள். ஜாடியைவிட அந்தக் குறிப்புக்கு மதிப்பு அதிகம்.

உங்கள் கடற்கரையிலேயே சான்று இருக்கிறது. பூம்புகாருக்கு அப்பால் சுமார் 19 மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலிலிருந்து ஈயப் பாளங்கள் கிடைத்தன. அவற்றில் டபிள்யூ. பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்ததால்தான், வட இங்கிலாந்தில் ஈயச் சுரங்கம் நடத்திய ஒரு குடும்பத்தின் சரக்கு சோழமண்டலக் கரைவரை வந்த கதை தெரிந்தது. யாரேனும் அவற்றை உருக்கி வலைக்கு ஈயக்குண்டு வார்த்திருந்தால், எடை மிஞ்சியிருக்கும், எழுத்து போயிருக்கும்.

எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. மணலுக்கடியில் காற்றுப் படாமல் நூற்றாண்டுகள் நிலைத்திருக்கும் மரம், வெளியே வந்து உலர்ந்ததும் சுருங்கி வெடிக்கிறது. கயிற்றால் தைத்த மரக்கலத்தின் பலகை ஒன்றை ஒரு கடற்கரைக் கிராமத்தின் திண்ணையில் பார்த்திருக்கிறேன்; வரிசையான துளைகளில் ஒன்றில் தென்னை நார் இன்னும் ஒட்டியிருந்தது. மறுமுறை போனபோது அது நான்கு சில்லுகளாகப் பிளந்து கிடந்தது. சுவீடனில் கடலடியிலிருந்து 1961இல் தூக்கப்பட்ட வாசா என்ற மரக்கப்பலைக் காக்க, மரத்தில் ஊறிய நீரின் இடத்தை நிரப்பிச் சுருங்காமல் தடுக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலை அதன் மேல் 17 ஆண்டுகள் தெளிக்க வேண்டியிருந்தது. அந்த வசதி இல்லாதவரை கடலடியே நல்ல காப்பகம். 2001ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கையும், கிடக்கும் இடத்திலேயே காப்பதை முதல் வழியாகக் கருதச் சொல்கிறது. கடலடிச் சின்னங்களை வணிகப் பொருளாக்குவதையும் தடுக்கிறது.

நீங்கள் குறிப்பிட்ட கொடவாய கப்பல், 30 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், இந்தியப் பெருங்கடலில் இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது. 2003இல் அதை முதலில் கண்டவர்கள் அறிஞர்கள் அல்லர், அங்கே மூழ்கிய உள்ளூர் மீனவர்கள். நந்திபாதம் என்ற பழைய மங்கலச் சின்னமும் மீனும் செதுக்கிய, அம்மி போன்ற காலுள்ள கல் அங்கே கிடந்தது. கொடவாய துறைமுகத்தின் சுங்க வருவாயை அங்குள்ள பௌத்த விகாரைக்கு அளித்தவன் இலங்கை மன்னன் கஜபாகு. சிலப்பதிகாரத்தின் கயவாகு இவனே என்று பலர் கருதுகிறார்கள். அந்த மீனவர்கள் கல்லை வியாபாரிக்கு விற்றிருந்தால் கப்பலே நமக்குத் தெரிந்திராது.

ஆகவே இடத்தை வியாபாரிகளிடம் சொல்ல வேண்டாம். இன்னொன்றையும் சித்தப்பாவிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்: அதே இடத்தில் முன்பும் வலை சிக்கிக் கிழிந்திருக்கிறதா?